இருக்கிறபடியே இருக்கட்டும்

கிட்ட வாங்க சாமி, இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிற அம்மிணியும் இப்படி வாங்க; எட்ட இருந்தால் பாதிக் கதைதான் காதில் விழும். ராசா ராணி யாரும் இதில் வரமாட்டார்கள். ரெண்டே ரெண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு காரையும், அதை விற்றுக் காலடி மண்ணை வாங்கப் பார்த்த ஒரு புருஷன் பெண்டாட்டியையும் பற்றிச் சொல்லப்போகிறேன். முடிவில் தப்பு யார் மேலே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நயா பைசா புதிதாக வந்து கடைக்குக் கடை சில்லறைச் சண்டை நடந்த காலம் அது. சேலத்திலிருந்து ஓமலூர் போகிற ரோட்டோரம் ராயப்பன் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ரெண்டு அறை வீடு. அவருக்கும் அவர் சம்சாரம் தெரசம்மாளுக்கும் அதுதான் உலகம். ஆனால் இடம் வாடகை இடம். சொந்தக்காரர் ராசிபுரத்து ஜவுளி வியாபாரி சரவணமுத்து.

ஒருநாள் அவர் வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ராயப்பா, மகனுக்குத் தறிக்கொட்டகை போட முதல் வேணும். இந்த எடத்தைக் குடுத்தரலாம்னு இருக்கறேன். வெளியாளைக் கேக்கறதுக்கு முந்தி உன்னைக் கேக்கறேன். நாலாயிரம். சித்திரை வரைக்கும் வேற யாருகிட்டயும் வாய் தொறக்க மாட்டேன்" என்றார்.

அந்தோணியார் படத்துக்குப் பின்னால் தெரசம்மாள் ஒளித்து வைத்திருந்த தகரப் பெட்டியில் ஆயிரம் ரூபாய் இருந்தது. மீதி மூவாயிரத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் தார்ப்பாயின் கீழே கிடந்த காரின் ஞாபகம் ராயப்பனுக்கு வந்தது.

ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறிச் சீமைக்குப் போகும்போது, அதுநாள்வரை வண்டியைப் பார்த்துக்கொண்ட ராயப்பனிடமே, நீயே வைத்துக்கொள் என்று அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். பந்தய வண்டி. கூரை கிடையாது. கதவு இடுப்புக்குக்கூட வராது. மூக்கு மட்டும் நீளம். சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட சக்கரங்கள். தகரத்துக்கு உள்ளே மரத்தால் எலும்புக்கூடு கட்டியிருந்தார்கள். தெரசம்மாள் அதற்கு மொட்டை வண்டி என்று பேர் வைத்திருந்தாள். அவளுடைய கோழிகள் அதன் சீட்டில்தான் முட்டையிட்டன.

வண்டி விலைக்கு இருக்கிறது என்று ராயப்பன் ஏர்க்காட்டுக்குச் சொல்லியனுப்ப, சேதி கைமாறிக் கைமாறி மெட்ராசுக்குப் போய்விட்டது. மார்கழியில் அங்கிருந்து ஒரு வாலிபர் வந்து இறங்கினார். பெரிய கம்பெனியில் வேலை, வெள்ளைக் கால்சட்டை. வந்தவர் பேச்சுக்கூடக் கொடுக்காமல் அந்தக் கால்சட்டையோடு மண்ணில் படுத்து வண்டிக்கடியில் புகுந்துவிட்டார். உள்ளிருந்து நகத்தால் மரத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. சீட்டில் இருந்த கோழி அவரை முறைத்துவிட்டு இறங்கிப் போனது.

எழுந்து நின்றபோது அவர் முகம் பூத்திருந்தது. "சோழவரத்துல கார் ரேஸ் நடக்குது இல்லையா, அதுல ஓட்டத்தாங்க இது எனக்கு. மூவாயிரம் தர்றேன். இதுல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும். தை கடைசியில லாரியோட வந்து எடுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு முன்பணம் என்று நோட்டுகளை எடுத்து நீட்டினார். ராயப்பன் ரெண்டடி பின்னால் போய், "அட, அதெல்லாம் எதுக்குங்க? உங்க வாய் வார்த்தை போதாதுங்களா?" என்றார்.

நம் பக்கத்தில் இப்படிச் சொன்னால் கொடுக்கிறவர் இன்னொரு தரம் நீட்டுவார், வாங்குகிறவர் இன்னொரு தரம் மறுப்பார், மூன்றாம் தரம் பணம் சட்டைப்பைக்குள் போய்விடும். மெட்ராஸ்காரர், "சரிங்க" என்று நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வந்த கார் போன திக்கையே ராயப்பன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, வாங்கியிருக்கலாமில்ல?" என்றாள் தெரசம்மாள்.

"ரெண்டாவது வாட்டி நீட்டுவாருன்னு பாத்தேன் புள்ள."

முன்பணம் போனால் போகிறது. மூவாயிரமும் ஆயிரமும் நாலாயிரம். கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது. ராயப்பன் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார். தெரசம்மாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது சாமி. அவள் மகள் வேளாங்கண்ணியைப் பெண் கேட்டு ஆத்தூரிலிருந்து வந்தார்களே, அவர்களும் இதைத்தான் சொன்னார்கள். "ஒண்ணும் செய்ய வேண்டாம். பொண்ணை இருக்கிறபடியே அனுப்புங்க, போதும்." அடடா, என்ன மனசு என்று நம்பி, ஒற்றைச் சங்கிலியோடு அனுப்பி வைத்தாள். வேளாங்கண்ணி முதல் கிறிஸ்துமசுக்கு வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா ஒண்ணுமே போடாம அனுப்பிருவியாம்மா? வாசப்படி ஏறுனதும் எங்க மாமியார் என் கழுத்தைத்தான் பாத்தாங்க. இன்னும் பாத்துட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லி அழுதாள். அந்த அழுகை தெரசம்மாளின் நெஞ்சுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"ஏனுங்க, அவரு வேண்டாம்னு சொன்னா நாம அப்படியே உட்டுர்றதா? நாளைக்கு லாரியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டு, என்னங்க இது, மரம் உளுத்துக் கெடக்குது, கோழிப்பீயி கெடக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சா என்ன செய்வீங்க?"

"அவருதான் படுத்து எந்திரிச்சுப் பாத்தாரே."

"நம்ம சம்பந்தியும்தான் பாத்தாங்க."

தொழில்காரரான ராயப்பனுக்கும் அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. லாரிப் பாடி கட்டுகிற ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவர் வேறு எப்படி நினைப்பார்? பழைய லாரியை வாங்கி, மேல்பாடியைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுப்பாடி கட்டினால், போட்ட காசும் வரும், மேலே அதில் பாதியும் வரும். எந்த லாரிக்காரனாவது பழைய பாடிக்கு ஒரு ரூபாய் அதிகமாகக் கொடுத்திருக்கிறானா?

தகரப் பெட்டி திறந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து லாரிப் பாடி கட்டுகிற கந்தவேல் வந்தார். மொட்டை வண்டியைச் சுற்றி வந்தார், சிரித்தார். "ஏனுங்ணா, இதை எந்தத் தச்சன் கட்டுனான்? மரத்தைப் பாருங்க, ஒட்டடைக் குச்சியாட்டம். இதுல ஏறிப் போறதுக்குப் பதிலா முறத்துல உக்காந்து போலாம்."

"சீமைத் தச்சனுங்க கந்தவேலு."

"சீமையில தேக்கு இல்லையாட்டம் இருக்குது, பாவம்."

குறை சொல்லக் கூடாது. கந்தவேல் மனசாரத்தான் வேலை செய்தார். மெல்லிசு மரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, கை மொத்தத்துக்குத் தேக்கு கட்டினார். நசுங்கின தகரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரிக்கு அடிக்கிற தகரத்தை அடித்தார். கம்பிச் சக்கரங்கள் கிழட்டுச் சக்கரங்கள் என்று பழைய இரும்புக் கடைக்குப் போயின. அந்த இடத்தில் ஜீப் சக்கரங்கள் வந்தன. வண்டிக்கடியில் இரும்புப் பட்டை மேல் பட்டை வைத்து லாரி வில் போட்டார்.

"அக்கா, மழை வந்தா என்ன பண்ணுவாரு? பாவம்" என்று சொல்லி, கேட்காமலே ஒரு கூரையும் போட்டுவிட்டார். கூரை மேலே மூட்டை கட்ட நாலு வளையம். முன்னால் நீலம், பின்னால் சிவப்பு, பக்கத்துக்கு ஒரு தாமரை. பின்பக்கம் மஞ்சள் எழுத்தில் 'தேவமாதா துணை'.

வேலை முடிந்த அன்று தெரசம்மாள் வண்டியைச் சுற்றி வந்து கண்ணேறு கழித்தாள். வேளாங்கண்ணிக்குப் போடாததை எல்லாம் இதற்குப் போட்டாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தகரப் பெட்டியில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ராயப்பன் வண்டியை எடுத்து ரோட்டில் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார்.

"எப்படீங்க போகுது?"

"கொஞ்சம் பாரமா இருக்குது. இருந்தாலும் கெட்டி." அவர் குரல் லேசாக உள்வாங்கியிருந்தது. அவளுக்கு அது காதில் ஏறவில்லை. "மூவாயிரம் சொன்னவரு இதைப் பாத்தா நாலாயிரமே குடுப்பாரு" என்றாள்.

சொன்னபடி தை கடைசியில் மெட்ராஸ்காரர் லாரியோடு வந்தார். தவக்காலம் தொடங்க இன்னும் நாள் இருந்ததால் தெரசம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீட்டில் முட்டையிட்ட கோழிதான், பாவம்.

அவர் கொட்டகைக்குள் போனார். கொஞ்ச நேரம் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டியைத் தாண்டி அந்தப் பக்கம் தேடினார்.

"அந்த வண்டி எங்கங்க?"

"இதுதானுங்க" என்றார் ராயப்பன்.

மெட்ராஸ்காரர் கிட்டே வந்து கதவில் கை வைத்தார். கதவைத் திறந்தார், மூடினார். லாரிக் கதவு மாதிரி தொம்மென்று சத்தம் கேட்டது. தாமரையைப் பார்த்தார். தேவமாதாவைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் ராயப்பன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"கை கழுவணும்" என்றார்.

கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அடுப்பு. தெரசம்மாள் எழுந்து, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு, "வாங்க சாமி, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வில் மாதிரி வளைந்த ஒரு மரத்துண்டு பாதி எரிந்தும் பாதி வெளியிலுமாக இருந்தது. வெளியிலிருந்த பாதியில் பித்தளைத் திருகாணிகள் வரிசையாகப் பளபளத்தன.

"நல்ல வெறகுங்க" என்றாள் அவள், அவர் பார்ப்பதைப் பார்த்து. "காஞ்ச மரம். பொகையே இல்லை. ஒரு மாசமா இதுலதான் சோறாக்கறேன். இதான் கடைசிக் கட்டை."

அவர் குனிந்து அந்தக் கட்டையை அடுப்பிலிருந்து உருவினார். தொட்டித் தண்ணீரில் முக்கினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போதுதான் தெரசம்மாள் முந்தானையை விட்டுவிட்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க சாமி."

"இருக்கிறபடியே இருக்கட்டும்னு சொன்னேனே."

"ஆமாங்க. அது... எல்லாரும் சொல்றதுதானுங்களே."

அவருக்கு அது விளங்கவில்லை. எப்படி விளங்கும்?

இலை போட்டது போட்டபடி இருந்ததால் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். ராயப்பன் எதிரில் குந்தியிருந்தார். சாப்பிட்டு முடித்து அவர் மெதுவாகச் சொன்னார்: "லாரியா இருந்தா நீங்க செஞ்சது சரிங்க. இந்த வண்டிக்கு அந்த மெல்லிசு மரத்துலதான் உயிரே. காத்து மாதிரி இருந்தாத்தான் ரேஸுல ஓடும். பழைய மரம் இருந்தா அதையே செப்பம் பண்ணியிருப்பேன். அந்தச் சக்கரம் இந்த நாட்டுலயே கிடைக்காது. இப்ப எஞ்சின் மட்டும்தான் பழசு, அதுவும் இத்தனை பாரத்தை இழுக்காது."

"ஆயிரம் ரூவா செலவு பண்ணியிருக்கறமுங்க" என்றார் ராயப்பன்.

"தெரியுதுங்க. அதுனாலதான் சொல்ல வாய் வரலை."

"அந்த மூவாயிரம் வேண்டாங்க. பாத்து ஏதோ குடுங்க. எவ்வளவுன்னாலும்..." கசக்கின துணிபோல அவர் முகம் சுருங்கிவிட்டது.

மெட்ராஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெரசம்மாளைப் பார்த்தார். "ஊருக்குப் போய் யோசிச்சுக் கடுதாசி போடறேங்க" என்றார். வெற்று லாரி புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிப் போனது. அந்தக் கரிந்த கட்டையை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரசம்மாளுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அவள் வேறு மாதிரி நினைத்துவிட்டாள். 'இவர் சொன்னா சொன்னதுதான். ஒண்ணும் வேண்டாம்னாரு, மெய்யாலுமே ஒண்ணும் வேண்டாமாம். அப்போ கடுதாசி போடறேன்னா போடத்தானே செய்வாரு?' தினமும் தபால்காரர் மணி கேட்டதும் வாசலுக்கு வந்தாள். "ஒண்ணுமில்லீங்க அம்மிணி" என்று அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போவார். தவக்காலம் போனது. ஈஸ்டரும் போனது.

வண்டி ரோட்டில் போகிறவர்களுக்கு வேடிக்கையாக நின்றது. வாங்க வந்தவர்கள் கூரையைத் தட்டிப் பார்த்தார்கள், ரெண்டு பேர்தான் உட்காரலாம் என்றதும் சிரித்துவிட்டுப் போனார்கள். சித்திரையில் ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். "எஞ்சினைக் கெணத்து மேட்டுல வெச்சா தண்ணி எறைக்குமுங்களா?" என்று கேட்டு, எஞ்சினை மட்டும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நானூறு ரூபாய் கிடைத்தது. கந்தவேல் ஒருநாள் வந்து, எஞ்சின் இல்லாத வண்டியைத் தடவிக்கொடுத்து, "நல்ல தேக்குங்கக்கா" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சித்திரை முடிந்தது. சரவணமுத்து வந்தார். இடத்தை ஓமலூர் அரிசி வியாபாரிக்குப் பேசி முடித்திருந்தார். சொல்லும்போது அவர் கண் கலங்கியதும் மெய்தான். வாசலில் நின்றுகொண்டே, "நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம் அம்மிணி. மெல்லக் காலி பண்ணுங்க. உங்க ஊடு மாதிரி இருந்துக்குங்க" என்றார்.

தெரசம்மாள் சுருட்டின பாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். இது மனசாரச் சொன்னதா, வாய் வார்த்தைக்குச் சொன்னதா? இன்னும் ஒரு மாசம் இருக்கலாமா, இன்றைக்கே கிளம்ப வேண்டுமா? திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மில் யாருக்கு வாய் வரும்? "சரிங்க சாமி" என்றாள். அவர் போன பிறகும் அங்கேயே நின்றாள். பாயை விரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. கொட்டகைக்குள் ராயப்பன் அந்த எஞ்சின் இல்லாத வண்டிக்குள் ஏறி, ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளும் போய் அதில் உட்கார்ந்தாள்.

போய் வாருங்கள் சாமி. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் மனசில் இருப்பதையே வாயாலும் சொல்லட்டும். அதை உங்கள் காது உள்ளபடியே கேட்கட்டும். உங்கள் அடுப்பு வேண்டாததை மட்டுமே எரித்து, வேண்டியதை எல்லாம் ஆக்கித் தரட்டும். நீங்கள் நிற்கிற மண் உங்கள் பிள்ளைகுட்டிகள் காலுக்கும் கீழே நிலைத்திருக்கட்டும்.