இரண்டு பேருடைய டீ

நாலு மணி பெல் அடித்தும் பியூலா எழுந்திருக்கவில்லை. பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவே வாசலுக்கு எதிரே இருந்த பேக்கரிக்குக் கிளம்ப, அவள் மட்டும் டியூப் லைட்டுக்குக் கீழே டீ சர்ட்டை விரித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் மேசைக் கோமளா கையைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

“போலாங்களா அக்கா?”

“இல்ல கோமளா. லெந்து நோம்பு நாள் ஆரம்பிச்சிட்டு. ஈஸ்டர் வரைக்கும் டீயும் கிடையாது, பன்னும் கிடையாது. அந்தக் காச ஆப்பிரிக்காவுக்கு அனுப்புதோம். அங்க பிள்ளைங்க பட்டினியாக் கெடக்கு.”

கோமளா கொஞ்சம் யோசித்தாள். “நல்ல காரியமுங்கக்கா. அப்ப நானும் உங்களோடயே இருந்துக்கறேன்” என்று மேசைக்குத் திரும்பினாள்.

முந்தின ஞாயிறு சபையில் திரை கட்டிப் படம் காட்டியிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து டாக்டர் தம்பதி ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் நடத்தும் ஆஸ்பத்திரி. எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை தாயின் மடியில் படுத்திருந்தது. உங்களுக்குப் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுங்கள் என்றார் போதகர். பியூலா வீடு போகும் வழியெல்லாம் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டால் கணவன் ஜெபக்குமார் முகம் தூக்குவான். மல்லிகைப் பூவை விட மனம் வரவில்லை. நாலு மணி டீயும் தேங்காய் பன்னும்தான் தோதாக இருந்தன. கோமளாவுக்கும் சேர்த்து எப்போதும் அவள்தான் காசு கொடுப்பாள். “நாளைக்கு நான் தர்றனுங்கக்கா” என்பாள் கோமளா. அந்த நாளை வந்ததில்லை. அதற்காகப் பியூலா வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் இதை விட்டால் இரண்டு பேர் செலவு மிச்சமாகும் என்று அன்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் அதைத் தள்ளிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள்.

இந்துவான தோழியும் தன்னோடு சேர்ந்து டீயை விட்டிருக்கிறாள் என்று போதகரிடம் அவள் பெருமையாகச் சொன்னாள். அவர் அதைப் பிரசங்கத்தில் சொன்னபோது பெண்கள் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, எண்ணெய்க் கறை படிந்த பீஸ்கள் ஒரு கட்டு முழுக்க பேக்கிங் வரை போய்த் திரும்பி வந்தன. கோமளா செக்கிங் செய்து அனுப்பியவை. சூப்பர்வைசர் குமாரவேல் அவற்றை மேசையில் கொட்டினார்.

“கண்ணு எங்க வெச்சிருந்த?”

“சாயங்காலமானா மங்கலாத் தெரியுதுங்க. தலையும் சுத்துது.”

“முந்தியெல்லாம் நல்லாத்தான பாத்துட்டிருந்த?”

“முந்தி நாலு மணிக்கு எதாச்சும் சாப்புடுவனுங்க.” சொல்லிவிட்டுக் கோமளா சட்டென்று பியூலாவைப் பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல ஒரு பார்வை. “அதனால ஒண்ணுமில்லீங்க. இனிமே பாத்துக்கறேன்.”

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் குமாரவேல். கோமளாவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கையில் இருந்த டீ சர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள் பியூலா. மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது கோமளா முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்துக்கொள்வாள். காலையிலேயே கனமாகச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். இத்தனை மாதம் அதை நம்புவது சுலபமாக இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பெருமாநல்லூரைத் தாண்டி இருந்த கோமளாவின் ஊருக்குப் பஸ் ஏறினாள். ஒற்றை அறை வீடு. பைக்கில் விழுந்து கால் முறிந்த கணவன் கட்டிலில் படுத்திருந்தான்.

“ஊட்டுக்கு வந்திருக்கீங்க, நின்னுட்டே பேசறீங்களே. உக்காருங்கக்கா” என்றாள் கோமளா.

“கோமளா, நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நீ சாப்பிடுதியா இல்லியான்னு.”

“அதையெல்லாம் விடுங்க. குழந்தைகளுக்குத்தானக்கா குடுத்தீங்க. அதுகளாச்சும் வயிறு நெறையட்டும்.” அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது பியூலாவுக்கு.

“நாளைக்கு வா. நான் குமாரவேல் அண்ணன்ட்ட பேசுதேன்.”

“பேசுங்க. மொதல்ல சாப்புடுங்க. நோம்புன்னு மட்டும் சொல்லீராதீங்க.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. குவித்த சோறு, மேலே தட்டைப்பயறுக் குழம்பு. கோமளா பானையைச் சுரண்டும் சத்தம் பியூலாவுக்குக் கேட்டிருந்தது.

“நீ?”

“நீங்க சாப்புடுங்க, அப்பறம் நான் உண்ணுக்கறேன்.”

மின்விசிறி ஓடவில்லை. கோமளா அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். சோற்றிலிருந்து ஆவி எழுந்து, அட்டை அசையும் பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தது. பியூலா கையைச் சோற்றின் மேல் வைத்தபடி இருந்தாள்.