நாளைக்குச் சொல்றேன்

அப்பாவுக்குச் சட்டை மாட்டுவதற்குள் மூன்று பேருக்கு வியர்த்துவிட்டது. வலது கை உள்ளே போனால் இடது கை வர மறுத்தது. "வெள்ளைதான் போடணும்" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. எதிர்வீட்டுக்காரர் ஒரு நீலச் சட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நின்றார்.

"சின்னு, உங்கம்மாவையே கேட்டுடு. கட்டினவ அவதானே" என்றாள் அத்தை.

சின்னு அம்மாவைப் பார்த்தாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் இடது காதுக் கம்பியை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது.

"அம்மா, வெள்ளையா நீலமா?"

"என்னது?"

"அப்பாவுக்குச் சட்டை."

"உங்க அத்தை சொல்றதையே போடு."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கல்யாணமான நாள்லேருந்து என் பேச்சை ஒரு தடவை கேட்டவ இல்ல. ஐயோ, பித்துப் பிடிச்ச மாதிரி இருக்காளே. யாராவது அழ வைங்க அவளை, நெஞ்சை அடைச்சிடப் போகுது."

சின்னுவுக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். அந்த இடது கம்பியின் திருகை அவள் கையாலேயே எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறாள். வசனம் கிடைக்காதபோது அம்மா செய்கிற வேலை அது. புருஷன் எதிரே கிடக்கிறார், இந்த மனுஷி உட்கார்ந்து வசனம் தேடுகிறாள்.

அம்மா எழுதுவதெல்லாம் காதல் நகைச்சுவை நாவல்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பையனும் பெண்ணும் முட்டிக்கொள்வார்கள், முடிவுக்குச் சற்று முன்னால் பிரிவார்கள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் பக்கம் பக்கமாக வாய்ச்சண்டை. அதற்காகத்தான் ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். 'உங்கள் கதாநாயகிக்கு எப்படித்தான் சட்டென்று பதில் வருகிறதோ!' என்று கடிதம் போடுவார்கள். அதை அப்பா உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஏனென்றால் அம்மாவுக்குச் சட்டென்று எந்தப் பதிலும் வராது. அப்பா போகிற போக்கில் எதையாவது சொல்லிச் சீண்டுவார். அம்மா திருதிருவென்று விழிப்பாள். பதில் வர மத்தியானமாகும், சில சமயம் மறுநாளாகும். வந்த நிமிஷம் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அப்பாவைத் தேடிப் போவாள். பெரும்பாலும் அவர் குளியலறைக்குள் சவரம் செய்துகொண்டிருப்பார். கதவில் இரண்டு தட்டு, பிறகு பதில். அப்பா ஒத்துக்கொண்டால் உள்ளேயிருந்து ஒரு தட்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார், அம்மா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவிடுவாள். தட்டு வாங்கிய பதில்தான் புத்தகத்தில் ஏறும். எத்தனை நாள் கழித்து வந்தாலும் செல்லும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

எழுதுவதும் தனி தினுசு. சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் குரலில் பையனுடைய பேச்சைப் பேசுவாள். எழுந்து தன் நாற்காலிக்கு வந்து பெண்ணின் பதிலைத் தேடுவாள். நாற்காலி இழுபட்டுக்கொண்டே இருந்தால் நாவல் ஓடுகிறது என்று அர்த்தம். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்திருக்கிறார். அந்தச் சண்டையும் ஒரு நாவலில் வந்தது.

அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. சின்னுவின் காதல் முறிந்த கதைகூட ஒன்பதாம் அத்தியாயமாகிவிட்டது. கடையில் கூட வேலை பார்க்கிறவள் அதைக் கொண்டுவந்து, "இதுல ஒரு லூசுப் பொண்ணு வர்றா, படிச்சுப் பாரேன், செம காமெடி" என்றாள். அதைக்கூடச் சின்னு பொறுத்துக்கொண்டாள். அப்பா செத்துப்போனதும் ஓர் அத்தியாயம் ஆகப்போகிறது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எந்திரிச்சு வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பாவையும் எழுதப் போறியா?"

"என்னடி உளர்ற?"

"கம்பியை மடக்கி மடக்கிப் பாக்கறியே, எனக்குத் தெரியாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால சும்மா இருக்க முடியாதா? அங்க கெடக்கறது கதாநாயகன் இல்லம்மா."

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"எழுதல. பதில் தேடறேன்."

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்குத்தான். வேற யாருக்கு நான் பதில் சொல்லியிருக்கேன்?"

அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு அம்மா சொன்னாள். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள், நேற்றுச் சாயங்காலம் நடந்தது.

"நேரமாச்சு, கெளம்புங்கன்னு நர்ஸம்மா வெரட்டறாங்க. வெளிய லிஃப்ட் கதவு மூடற சத்தம் கேட்டுச்சு. படுத்த வாக்குலயே காதைத் தீட்டிக்கிட்டு, 'ரோலர் தேஞ்சு போச்சு, ஒருத்தனும் கவனிக்கல'ன்னார்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் லிஃப்ட்டைத்தான் நலம் விசாரிப்பார்.

"அப்புறம் என்னைப் பார்த்து, 'முப்பது புக்கு எழுதிட்டே. பைலட் வந்தான், டாக்டர் வந்தான், குதிரை ஓட்டறவன்கூட வந்துட்டான். எல்லாப் பயலும் என் பேச்சைத்தான் பேசறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன் லிஃப்ட் மெக்கானிக் உண்டா? ஏன், என்னை லவ் பண்ண ஒரு பொண்ணுகூடக் கெடைக்கலையா உனக்கு?'ன்னு கேட்டார்."

சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நாளா இது என்று அடக்கிக்கொண்டாள். "நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? வழக்கம்போல முழிச்சேன். 'நாளைக்குச் சொல்றேன்'னேன். 'அவசரமில்ல, மெதுவா யோசி'ன்னார். அந்த லிஃப்ட்லதான் எறங்கினேன். கீழ வர்றதுக்குள்ள கெடைச்சிடும்னு நெனைச்சேன். விடியறதுக்குள்ள ஃபோன் வந்துடுச்சு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை இறுக்கி மூடினாள்.

"வாய்தான் சிரிச்சுது சின்னு, கண்ணு சிரிக்கல. ரொம்ப நாளா மனசுல வச்சிருந்திருக்கார். நான் என்னமோ அவர் தொழிலைக் கொறைச்சலா நெனைச்சேன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரோன்னு இருக்கு. வண்டி வர்றதுக்குள்ள சொல்லிடணும்டி. சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சின்னுவின் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. இப்போது அவளுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது.

"உயரம் பத்தலன்னு சொல்லேன்."

"நாலாவது புக்குலயே சொல்லியாச்சு."

"கிரீஸ் நாத்தம்?"

"அதுக்குக் குழாயைத் தொறந்துட்டார்." அம்மா விரல்களைப் பிசைந்தாள். "நாற்காலி இருந்தா வந்துடும். ரெண்டு நாற்காலியையும் யாரோ தெருவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

சின்னு வெளியே ஓடினாள். அம்மாவின் நாற்காலியில் அத்தை வீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் நாற்காலியில் பதிப்பாளர். சின்னுவைக் கண்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அம்மாவைப் பாத்துக்கம்மா. புத்தகத்துக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லு. உடம்புதான் முக்கியம்." கொஞ்சம் விட்டு, "கடைசி அத்தியாயம் மட்டும்தானே பாக்கி?" என்றார்.

"கொஞ்சம் எந்திரிங்க சார்."

"எதுக்கும்மா?"

"நாற்காலி வேணும்."

அவர் ஒன்றும் புரியாமல் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சின்னு திரும்பியபோது தெருமுனையில் வண்டி வந்துவிட்டது. வண்டி நிற்பதற்கு இடம் வேண்டுமென்று யாரோ அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்து எதிர்வீட்டுச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள்.

அதற்குப்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த நான்கு பேர் வந்து, "நாங்க தூக்கறோம்" என்றார்கள். கனமான சாமான்களைப் படியிறக்கிப் பழகியவர்கள், சுவரில் இடிக்காமல் இறக்கினார்கள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா.

எல்லோரும் நின்றார்கள். அத்தை, இப்போதுதான் அழப்போகிறாள் என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். உதட்டைத் திறந்தாள், மூடினாள். சொல்லும்மா, எதையாவது சொல்லித் தொலை என்று சின்னு மனசுக்குள் கெஞ்சினாள்.

அம்மா நிமிர்ந்தாள். "எடுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் நாற்காலிகளைத் துடைத்துக் கொண்டுவந்து மேஜையருகே போட்டார். அத்தை படுத்துவிட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் நின்றாள். சின்னு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

கண்ணாடிக்குக் கீழே அப்பாவின் சவரப் பிரஷ், மயிர் விரிந்து, தலைகீழாக நின்றது. அதைப் பார்க்கக்கூடாது என்றே சின்னு குழாயைத் திறந்து, முகத்தில் சோப்பை அப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூடியும் பிரயோஜனமில்லை, அழுகை வந்துவிட்டது. சோப்பு எரிச்சல் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தேவையில்லாத இடம் அது. நன்றாக அழுதாள்.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா பேசினார். அப்பாவேதான், கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் இழுத்து: "ஏன், என்னை லவ் பண்ண ஒரு பொண்ணுகூடக் கெடைக்கலையா உனக்கு?"

இன்னொரு நாற்காலி இழுபட்டது. கண்ணாடிக் கம்பி மடங்குகிற சின்னச் சத்தம் தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது, ஆனால் சின்னுவுக்குக் கேட்டது போலத்தான் இருந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. செருப்பில்லாத பாதங்கள் வேகமாக வந்து குளியலறைக்கு வெளியே நின்றன.

கதவில் இரண்டு தட்டு.

"கெடைக்காம என்ன? முப்பது பேரும் காத்துக்கிட்டுத்தான் இருந்தாளுங்க" என்றாள் அம்மா கதவைப் பார்த்து. மூச்சு வாங்கியது. "லிஃப்ட் மெக்கானிக்கை எழுதினா, கடைசி அத்தியாயத்துல எவளுக்காவது கட்டிவைக்கணும். பேச்சைக் கேட்டாளுங்க, கொடுத்தேன். ஆளைக் கொடுக்க மாட்டேன்."

சின்னு கண்ணைத் திறந்தாள். சோப்பு எரிந்தது. குழாயில் தண்ணீர் முழுசாகக் கொட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டி அவசரமாக மூடினாள். வெளியே அம்மா நகரவில்லை.

ஈரக் கையை மடக்கி, சின்னு கதவில் ஒரு தட்டு தட்டினாள்.

பாதங்கள் மேஜைக்குத் திரும்பின, மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் வைத்து மூடும் சத்தம் கேட்டது. பாதங்கள் மெதுவாகச் சமையலறைப் பக்கம் போயின.