களத்துக்கு வந்த அறிக்கை

“மேளத்த அஞ்சு நிமிசம் நிறுத்துங்கண்ணே, சாமியா இருப்பீக!”

ஹேமாவதி ஒரு கையால் கெஞ்சினாள். மறுகையில் செல்போன். அந்தப் போனில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே அவள் அப்பா ஆண்டியப்பன் மாலைக்குள் கிடந்தார்.

நாட்டின் பருவநிலை எப்படி மாறுகிறது என்று விஞ்ஞானிகள் கூடி எழுதிய மதிப்பீட்டு அறிக்கையில் அவள் பங்கும் உண்டு. ஒருமுறை வந்தது. இனி ஆண்டுதோறும் புதுப்பிப்பதா, ஊற்றி மூடுவதா என்று இன்று முடிவு. யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆண்டியப்பனைத்தான் போட்டிருந்தார்கள். புதுவயல் அரிசி ஆலையில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடும் வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் பேசிப் பழகினார், புதுச்சட்டை வேறு வாங்கினார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அந்தச் சட்டையோடுதான் கிடக்கிறார்.

“இழவு வீட்டுல என்ன கூட்டம்? கூறுகெட்டுப் போச்சா?” என்று சித்தப்பா சீறினார்.

அம்மா மீனம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “பேசட்டும். அவுக ஒரு வாரமா இதுக்குத்தேன் குதிச்சாக.”

“அடுத்து, புதுவயல் ஆண்டியப்பன் பேசலாம்” என்றது போன். முடிவெடுக்கும் குழுவின் தலைவர் சென்னைக்காரர், தமிழிலேயே கூப்பிட்டார். ஹேமாவதி போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருட உழைப்பும் போச்சு என்றிருந்தது அவளுக்கு.

மாலையோடு வந்து நின்ற ஆலை முதலாளி தவ்ஹீத் போனைப் பிடுங்கினார்.

“நாந்தான் மில்லு ஓனரு சார். அண்ணனால பேச முடியல. எங்க பக்கம் காலந்தப்புன மழை கூடும்னு அந்த அறிக்கையில இருந்துச்சு. அண்ணன் வாசிச்சுக் காமிச்சு, களத்துக்கு வெயிலு எறங்குற கூரை போடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாக. பாதிக் களத்துக்குப் போட்டேன். இந்தத் தை மழையில பக்கத்து மில்லு நெல்லெல்லாம் நாறிப்போச்சு. எங்க கூரைக்குக் கீழ ஒரு மணி நனையல!”

“அதான் ஒருதடவை வந்துடுச்சே. போதாதா?” என்றது போன்.

“எப்படி சார் போதும்? வானம் வருசா வருசம் புத்தி மாறுது. பழைய தாள வச்சுக்கிட்டு, மீதிக் களத்துக்குக் கூரை வேணுமா வேணாமான்னு நான் யார்ட்டப் போயிக் கேக்க?”

மேளக்காரர் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார். போனுக்குள் குசுகுசுப்பு. பிறகு தலைவரின் குரல்: “சரி, தொடரலாம். வருசா வருசம். மாவட்டத்துக்கு ரெண்டு பக்கம், தமிழ்லயும்.”

ஹேமாவதி துள்ளிவிட்டாள். துள்ளிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவே பல்லைக் காட்டினார். தவ்ஹீத் போனை அவளிடம் நீட்டினார்.

“ஆண்டியப்பனுக்கு எங்க நன்றியைச் சொல்லுங்கம்மா. பக்கத்துல இருக்காரா?”

“இருக்காக சார்” என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

மீனம்மாள் வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள். ஹேமாவதி அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். வாய்க்குப் போகாமல், முதலில் அப்பாவின் காதருகே போனாள்.