லோயர் கேம்ப் புள்ளி

அனிதா மேரிக்குத் தாளில் ஒரு புள்ளியைக் கண்டால் போதும், சோறு இறங்காது. பழைய டோனர் கார்ட்ரிட்ஜுகளைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, பொடி நிரப்பித் திரும்ப விற்கிற கம்பெனி பழனிசெட்டிபட்டியில் இருக்கிறது. அங்கே தரம் பார்ப்பவள் அவள். அவள் சரி என்றால்தான் பெட்டியை ஒட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை பெயரைப் படிக்குமுன் அச்சு பரவியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள்.

அன்று காலை புள்ளி வாட்ஸ்அப்பில் வந்தது. மலையடிவாரத்து லோயர் கேம்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மலைச்சாமி அனுப்பிய படம். தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளியில் கறுப்புப் புள்ளிகள். ஸ்கேல் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். வந்ததும் புள்ளிக்குப் புள்ளி அளந்தாள். கார்ட்ரிட்ஜுக்குள் சுழலும் உருளைகளில் எது கெட்டதோ, அதன் சுற்றளவுக்கு ஒரு தடவை தாளில் கறை விழும். இது டிரம் என்கிற பூச்சுப் பூசிய உருளையின் இடைவெளி. அந்த டிரம்மோ அவளே தேடிப்பிடித்த புது டிரம்.

முதலாளி சுரேஷ்கண்ணன் பழைய டிரம்மே போதும் என்றுதான் சொன்னார். மழைக்காலத்து ஈரக்காற்றில் அது சாம்பல் பூத்த மாதிரி அச்சடிக்கிறது என்று இவள்தான் மல்லுக்கட்டினாள். ஈரப்பெட்டியில் வைத்து மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துப் புதியதைக் கொண்டுவந்தாள். அது போட்ட சரக்கில் மலைச்சாமி வாங்கியது தவிர மீதி முழுவதும் மதுரைக்குப் போக வாசலில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி படத்தைப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா மேரி. டிரம்முதான்னா அம்புட்டையும் பிரிச்சிருவோம். இனிமே பழசுதான்."

சின்னமனூர் போனது, கம்பம் போனது, கூடலூரில் திராட்சைப் பந்தல்கள் போயின. பஸ்ஸில் அவள் எதையும் பார்க்கவில்லை. பூச்சு உரிந்திருக்குமோ, ஈரப்பெட்டியில் தப்பித்தது மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாதாவை வேண்டினாள். ஒரு டிரம்முக்காக மாதாவைத் தொந்தரவு செய்வது நியாயமா என்று நடுவில் வெட்கமாகவும் இருந்தது.

மலைச்சாமி நல்ல மனிதர். புது மெஷினில் புது கார்ட்ரிட்ஜைப் போட்ட முதல் நாளே இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டாரே தவிர, கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். டீ ஆறட்டும் என்று அவள் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, டிரம்மை மறைத்திருந்த மடல் மூடியை விலக்கினாள். பச்சை டிரம்மின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. பூச்சு உரிந்தால் பள்ளமாக இருக்க வேண்டும். இது மேடாக இருந்தது. நகம் படாமல் பஞ்சால் மெல்ல ஒற்றினாள். கறுப்புக்கு அடியில் மஞ்சள். பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசனை.

"அண்ணே, இதுல பொட்டு வச்சீகளா?"

மலைச்சாமி தலையைச் சொறிந்தார்.

"வெள்ளிக்கெழம பூசை போட்டோம் ஆத்தா. புதுசுக்குப் பொட்டு வைக்காம ஓட்டக்கூடாதுன்னு வீட்ல சொன்னாக. இதத் தெறந்தா உள்ள பளபளன்னு இருந்துச்சு. அதான் மொகம்னு நெனச்சு அங்கன வச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. தன்னால்தான் அழுகிறாள் என்று மலைச்சாமி பயந்துபோனார். டிரம்மில் குறையில்லை. அதைச் சரி என்று சொன்ன அவளிடமும் குறையில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பொட்டைப் பதமாகத் துடைத்தெடுத்து, காயவிட்டு, கார்ட்ரிட்ஜை மாட்டி ஓட்டினாள். முதல் தாளில் லேசாக நிழல் தட்டியது. அடுத்த தாள் வெள்ளை வெளேரென்று வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே போன் போட்டாள்.

"சார், வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

மலைச்சாமிக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. அப்படியென்றால் பொட்டே வைக்கக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் சாமி படத்தருகே இருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி, கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் முதுகில் தன் விரலாலேயே ஒரு பொட்டு வைத்துக் காட்டினாள்.

அடுத்த சரக்கிலிருந்து ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் முதுகிலும் வட்டமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது: 'பொட்டு இங்கே.' முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும், அது ஒட்டாத கார்ட்ரிட்ஜை அனிதா மேரி சரி என்று சொல்வதில்லை.