நசுங்க வேண்டிய பெட்டி

1

இந்தக் கதை எங்கள் வீட்டு வாயிற்கதவில் முட்டிக்கொண்டு பிறந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தவள் என் மனைவி. கதவை முழுசாகத் திறந்து வைக்காதவன் நான். யார் மேல் தப்பு என்பது இன்னும் விசாரணையில் இருப்பதால் அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

பட்டறையில் மெக்கானிக் பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தார். வெளியே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. அதற்குள் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவே, ஓரத்துக்கு ஒன்றாக, கைக்கு அடக்கமான இரண்டு பெட்டிகள். அதில் ஒன்று கசக்கி எறிந்த காகிதம்போல மடிந்து கிடந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு பெரிய வண்டியை இந்த பிஸ்கட் டப்பாவை நம்பியா இத்தனை நாள் ஓட்டினோம்?

"நசுங்கத்தான் சார் வச்சிருக்காங்க. இது நசுங்கலைன்னா அடி உள்ள வந்திருக்கும்" என்றார் அவர், அடுத்த வண்டியைப் பார்த்தபடி.

அப்படியானால் எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு பொருள் எப்படி ஒழுங்காகக் கெட்டுப்போக வேண்டும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் "இன்னைக்கு என்ன பண்ணே?" என்று கேட்டால் அந்த ஆள் என்ன பதில் சொல்வார்? இந்தக் கேள்வியைத் தவிர என் கையில் வேறு சரக்கு இல்லை. ஓடும்வரை ஓடட்டும்.

2

முறைப்படி முதலில் தொடக்கம் எழுத வேண்டும்.

தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்துக் கிடந்தது. அவள் மனமும் அவ்வாறே—"

வேண்டாம். வானத்துக்கும் பம்பருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

தொடக்கம் இரண்டு: "மோதல் என்றால் என்ன? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளிடம் உள்ள ஆற்றல், அது நிற்கும்போது—"

இதைப் படித்த என் மனைவி, "பரீட்சைக்கா எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொடக்கம் மூன்று: சின்னச் சரக்கு வேன்களுக்குப் பம்பர் செய்யும் தொழிற்கூடம் ஒன்றின் மாடியில் அவள் வேலை பார்த்தாள். அவளை எல்லோரும் 'நசுக்கி' என்று கூப்பிட்டார்கள்.

இது நிற்கும் போலிருக்கிறது. மேலே போவோம்.

3

நசுக்கி என்ற பெயர் சும்மா வரவில்லை. குடித்து முடித்த காகிதக் கோப்பையை யாரும் அவள் கண்ணில் காட்டக் கூடாது. மேசையில் நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, முதல் மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். மருந்து அட்டை, பற்பசை டப்பா, ஒருமுறை கணக்காளரின் மதிய உணவு டப்பா. (அது காலி என்று நினைத்துவிட்டாள். அவர் இன்றுவரை அந்த மாடிப் பக்கம் வருவதில்லை.)

அவள் வேலை அந்தச் சின்னப் பெட்டி. அடி வரும்போது அது முன்னாலிருந்து பின்னோக்கிப் படிப்படியாக மடிய வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் அந்த அடியில் கொஞ்சத்தைத் தின்னும். எல்லா மடிப்பும் விழுந்து முடிவதற்குள் வேன் நின்றிருக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், இரும்புக்கு மடியத் தொடங்குவதில் தயக்கம் அதிகம். முதலில் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த முறைப்பில் பாதி அடி உள்ளே போய்விடும். அதனால் பெட்டியின் மூலைகளில் விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் அழுத்தி வைத்தாள். 'இங்கே தொடங்கு' என்று இரும்புக்குச் சொல்லும் குழிகள். எவ்வளவு ஆழம், எந்த மூலையில், எத்தனை என்பதுதான் அவளுடைய எட்டு மாதம்.

முதலாளிக்கோ பழைய பம்பர்மேல்தான் பாசம். தடியான ஒரு குழாய், இரண்டு போல்ட், வேலை முடிந்தது. குழாய் நசுங்காது. அதற்குப் பதிலாக ஓட்டுகிறவரின் முழங்கால் நசுங்கும். அந்த வேன்களில் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம். புதிய வேனுக்குப் பெட்டியா, குழாயா என்று ஒரு மோதல் சோதனையில் முடிவாகும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்: அந்தப் பெட்டி வேனில் ஏற வேண்டும்.

கீழ்த்தளத்து வெல்டர் அவளுடைய சொந்த அண்ணன். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: கெட்டி. அவர் பற்றவைத்ததை உடைக்க அவரையே கூப்பிட வேண்டும் என்பார்கள். சோதனைக்குப் போகும் பெட்டிகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தவர் அவர்தான்.

4

சோதனை இப்படி நடக்கும். சரிவான தண்டவாளத்தில் எடை ஏற்றிய ஒரு தள்ளுவண்டி. அதன் முகத்தில் பம்பர். கொக்கியை விட்டால் வண்டி இறங்கி வந்து கான்கிரீட் சுவரில் முட்டும். ஓட்டுநர் உட்காரும் இடத்தில் ஒரு கருவி, உள்ளே வந்த அடியைத் திரையில் கோடாகப் போடும். கோடு மேடுபோலத் தாழ்வாக வந்தால் நல்லது. ஊசிபோலக் குத்திக்கொண்டு போனால் கெட்டது.

குத்திக்கொண்டு போனது.

பெட்டிகளில் ஒரு மடிப்பும் இல்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த தள்ளுவண்டியின் சட்டம்தான் வளைந்து நின்றது. கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரே ஒருவர் கைதட்டினார்.

"பாத்தீங்களா சார்! ஒரு கீறல் இல்லை! என் தங்கச்சி செஞ்சதாக்கும்!"

"அதான்யா பிரச்சினையே" என்றார் முதலாளி. பிறகு அவளிடம் திரும்பினார். "ஏம்மா, என் குழாயும் நசுங்காது, உன் பெட்டியும் நசுங்கலை. அப்ப குழாயே போட்டுட்டுப் போறேன், செலவாவது மிச்சம்."

கைதட்டிய கைகள் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் அண்ணனின் கால்சட்டைப் பைக்குள் போயின.

5

அவள் பெட்டியை அறுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குழிக்கும் பின்னால், உள்பக்கமாக, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தகடு. சுற்றிலும் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீரான வெல்டிங். அந்தச் செதில் வரிசை அவள் வீட்டு ஜன்னல் கம்பியில் இருக்கிறது. அவள் குழந்தையின் மூன்று சக்கர வண்டியில் இருக்கிறது. யார் கை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.*

* சோதனைக்கு முன்னால் மாதிரியைத் தராசில் வைத்து, வரைபடத்தில் உள்ள எடையோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. பார்த்திருந்தால் தகடுகள் அப்போதே மாட்டியிருக்கும். விதியை எழுதி ஒட்டியவள் அவளே. அன்று மட்டும் பார்க்கவில்லை. அண்ணன் கையால் வந்த சாமானைத் தராசில் வைக்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

6

சாப்பாட்டு மணி அடித்ததும் தகட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அண்ணன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"அண்ணா, இது என்ன?"

"கண்டுபிடிச்சிட்டியா? சொல்ல வேண்டாம்னு இருந்தேன்." முகமெல்லாம் மலர்ந்தது. "பெட்டி மூலையில எல்லாம் குழி விழுந்திருந்துச்சு பாப்பா. அச்சுல ஏதோ கோளாறு போல. நாலு பேர் பாக்கற எடத்துல உன் சாமான் பொக்குனு போயிட்டா உனக்கு எவ்வளவு அசிங்கம்? அதான் உள்பக்கமா முட்டுக் குடுத்தேன். வெளிய தெரியாது."

"அந்தக் குழிதாண்ணா என் வேலையே."

"எது, குழியா?"

"எட்டு மாசமா அதைத்தான் போட்டுட்டிருக்கேன்."

"எட்டு மாசமா குழி போட்டியா? வீட்ல கேட்டா டிசைன் பண்றேன்னு சொன்னே!"

"அது நசுங்கணும்ணா. நசுங்கினாத்தான் ஓட்டறவன் கால் தப்பிக்கும்."

"நசுங்கறதுக்கு வெல்டர் எதுக்கு? கோந்து போட்டு ஒட்டிக்க வேண்டியதுதானே? என் கை பட்டது எதாவது இதுவரைக்கும் விட்டுக் குடுத்திருக்கா?"

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இதற்கு அவர் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. டப்பாவை மூடினார்.

"அப்ப உன் வேலையக் கெடுத்தது நான்."

'அப்படி இல்லண்ணா' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாயில் சோறு இருந்தது. மென்று முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

7

இங்கே ஒரு தடங்கல். இதுவரை படித்த என் மனைவி, "அந்த அண்ணனை ஏன் இப்படி அசடாக்கறீங்க? குழி வேணும்னே போட்டதுன்னு அவருக்கு வரைபடத்துல தெரியாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவருக்குப் போன வரைபடத்தில், எங்கே பற்றவைப்பது என்பது மட்டும்தான் இருந்தது. குழிகளோடு பெட்டி வேறிடத்தில் அச்சில் அழுத்தப்பட்டு வந்தது. இதை நான் மூன்றாவது பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாசகர் மன்னிக்கவும், மனைவி மன்னிக்க மாட்டாள்.

அசடு வேண்டாம் என்றால் வில்லனாக்கலாமே என்று ஒரு பத்தி முயன்றேன்: "தங்கையின் உயர்வைக் கண்ட அண்ணனின் விழிகளில் பொறாமைத் தீ கொழுந்து விட்டு—"

சரிப்படவில்லை. வெல்டிங் முகமூடி போட்டவரின் விழியில் என்ன எரிகிறது என்று யார் பார்ப்பது? தவிர, பொறாமைக்காரன் கைதட்ட மாட்டான். மேற்படி அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் செய்ததால்தான் இவ்வளவு சிக்கல்.

8

மறுநாள் முதலாளி அறை. கண்ணாடி மேசை, அதற்கடியில் செருகிய பழைய குழாய் பம்பரின் படம்.

"மாதிரியில தப்பு நடந்திருச்சு சார். இன்னொன்னு செஞ்சு காட்டறேன்."

"யாரு பண்ண தப்பு?"

முதலாளியின் குணம் கூடத்துக்கே தெரியும். போன வருடம் பெயின்டர் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு பூச்சு கூடுதலாக அடித்தார். அந்த மாதமே வேறு வேலை தேடிக்கொண்டார்.

"எடை பாக்காம சோதனைக்கு விட்டேன் சார். அது என் தப்பு."

"எடை பாக்கணும்னு ரூல் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"நல்லா இருக்கும்மா." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னொரு தடவை. அதோட சரி. அதுலயும் இப்படின்னா குழாய்தான், அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. வெல்டிங்குக்கு வெளியாளை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். அண்ணனே செய்வாரு."

(இந்த இடத்தில் நீங்கள் ஒன்று சொல்லத் துடிக்கிறீர்கள். 'அடியைத் தான் வாங்கிக்கொண்டு அண்ணனைக் காப்பாற்றினாளே, அப்படியென்றால் அவளே ஒரு—' தயவுசெய்து வேண்டாம். எனக்கும் அது தோன்றியது. தோன்றிய வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது எல்லோருக்கும் தோன்றும் என்று. அவள் ஒன்றும் பெட்டி அல்ல. பெட்டிக்கு எங்கே மடிய வேண்டும் என்று தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது, 'வெளியாள் என்று சொல்லியிருக்கலாமோ' என்று இரண்டு தடவை நின்றாள்.)

9

புது மாதிரியை அண்ணனே மாடிக்குத் தூக்கி வந்தார். துணியைப் பிரித்து, தராசுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார். பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்து மூடியாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று இனி அறுத்தால்தான் தெரியும், அல்லது நிறுத்தால்.

"குழி எல்லாம் அப்படியே இருக்கு" என்றார்.

"சரிண்ணா."

"உள்ள ஒண்ணும் வைக்கலை."

"நான் கேக்கலையே."

"கேக்கலை. தராசைப் பாத்தே."

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. அவள் நிறுக்கிறாள். எடை சரியாக இருக்கிறது. பெட்டி நசுங்குகிறது, வேனில் ஏறுகிறது. அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்ணன் நாலு பேர் நடுவில், "இவ என்னையே நிறுத்துப் பாத்தவ" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் தாங்காது.

ஆ. அவள் நிறுக்கவில்லை. 'அண்ணன் சொன்னால் சரி' என்று அனுப்பிவிடுகிறாள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் முன்னொரு தடவையும் இதே அழகைத்தான் செய்தாள். ஒரு சாண் தூரத்தில் முழங்கால் வைத்து ஓட்டப் போகிறவன் இவர்கள் வீட்டு அன்புக்கு ஏன் பொறுப்பாக வேண்டும்?

இ. அவள் நிறுக்கிறாள். எடை துளி கூடுதல். அண்ணன் தலையைச் சொறிகிறார். "ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. மனசு கேக்கலை." என் மனைவி ஓட்டுப் போட்டது இதற்குத்தான். "இதான் அசல் அண்ணன்" என்கிறாள். அவளுக்கு மூன்று அண்ணன்கள், பேசுவது அனுபவம்.

மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நசுக்கி என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். எடை எழுதும் படிவத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது தராசு அவள் முதுகுக்குப் பின்னால்.

"நீயே வச்சுச் சொல்லுண்ணா. நான் எழுதிக்கறேன்."

"நானா?"

"நீ சொல்றதுதான் எழுதுவேன்."

அவர் காலடி மேசைப் பக்கம் போனது. பிறகு தராசுத் தட்டில் இரும்பு உட்காரும் சத்தம். அவருக்கு நேர் எதிரே சுவரில் வரைபடம் ஒட்டியிருக்கிறது. இருக்க வேண்டிய எடை அதில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. ஆக, அவர் கண்ணுக்கு முன்னால் இரண்டு எண்கள். ஒன்று தராசில், ஒன்று சுவரில். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

எண் எனக்குத் தெரிந்திருக்கும், வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. நானும் அவளோடு ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பினால் மரியாதையாக இருக்காது. தராசைப் பார்த்து நிற்பது அவரும் நீங்களும் மட்டும்தான். அவருக்குக் குரல் எழும்பவில்லைபோலிருக்கிறது. அவள் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். நீங்களாவது கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.