சீரக டப்பா

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் மணியம்மாளும் மச்சினி சிந்துஜாவும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததிலிருந்து வளவன் யாரோடும் பேசவில்லை. "வாங்க" என்று சொன்ன குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

சிந்துஜாவுக்கு இரண்டு இடத்தில் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது. ஒன்று சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். இன்னொன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஆடி பிறப்பதற்குள் ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கியவன் வளவன் ஒருவன்தான். யோசனை கேட்க வந்திருந்தார்கள்.

அதற்கு மட்டும் வரவில்லை. அவன் மனைவி ரேணுகாவின் காரியத்தன்றே பந்தலில் யாரோ சொல்லிவிட்டார்கள்: "வெளியில ஏன் தேடணும்? சின்னவ இருக்கா இல்ல?" அன்றிலிருந்து அந்தப் பேச்சு செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

"அண்ணாமலைதான் மாப்ள," என்றாள் மணியம்மாள். "நம்ம சாமி பேரு. காலையில பஸ் ஏறுனா மதியத்துக்குள்ள போய்டலாம். லீவுக்கு லீவு வந்து இந்த வீட்டயும் பாத்துக்குவா. படிப்பு முடிஞ்சதும்..."

முடிக்கவில்லை. சுவரிலிருந்த ரேணுகாவின் படத்தைப் பார்த்தாள்.

சமையலறையில் சிந்துஜா டீ போடும் சத்தம். அந்த வீட்டில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வளவனின் காது அங்கேயே இருந்தது. டீ இனித்தது.

"சர்க்கரை எங்க இருந்துது?"

"சீரக டப்பால, மாமா."

அவன் தேடாத டப்பா அது ஒன்றுதான். சர்க்கரை கிடைக்காமல், புதிதாக வாங்கவும் தோன்றாமல், இனிப்பில்லாத டீ குடித்துப் பழகியிருந்தான்.

"அக்கா எங்க வீட்லயும் அப்டிதான் வெப்பா. சீரகம்னு எழுதி ஒட்டிட்டா எறும்பு படிச்சிட்டுத் திரும்பிப் போய்டுமாம்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு அந்த எண்ணமும் வந்தது: சிதம்பரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லீவுக்கு லீவு இந்தக் குரல் வரும், இந்த டீ வரும். கடைசியில் வந்தது போகாமலே இருந்துவிடும்.

நிமிர்ந்து பார்த்தான். அக்கா இருந்தவரை அவனோடு மல்லுக்கு நின்றவள், இப்போது தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்பதுபோல் தலை குனிந்து நின்றாள்.

வளவன் டம்ளரைக் காலி செய்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் அத்தை. அண்ணான்னா நம்ம அண்ணாமலையாரச் சுருக்கிச் சொல்றது. கிண்டிலயே சேரட்டும்."

"எனக்குப் படிக்கத் தெரியாது மாப்ள," என்றாள் மணியம்மாள். "அதுக்குன்னு சாமி யாரு, கட்சிக் கொடியில இருக்கறவரு யாருன்னு கூடவா தெரியாது?"

சிந்துஜா தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி நேராகச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"கிண்டி பெரிய காலேஜ் அத்தை. படிச்சு முடிச்சு அவ இஷ்டப்படி இருக்கட்டும். எனக்காக யாரும் கிட்டத்துல இருக்க வேணாம்."

"நீங்க தனியா..."

"இருந்துக்கறேன்."

மணியம்மாள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "அப்போ எங்களயும் விட்டுடுவீங்களா மாப்ள?"

அவள் பயந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"நீங்க எப்பவும் போல வாங்க அத்தை."

வேங்கிக்கால் நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிட்டான். சிந்துஜா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே தலையை நீட்டினாள். முகம் பழைய முகமாகியிருந்தது.

"தோ பாருங்க மாமா, சர்க்கரை கம்மியாதான் கீது. வாங்கி வைங்க. டப்பாவ மாத்திடாதீங்க!"

பஸ் போனது. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, எதிரிலிருந்த வேடியப்பன் கடைக்குப் போனான்.

"யாரு சார், ஒறம்பரையா?"

"மச்சினி. மெட்ராஸுக்குப் படிக்கப் போறா. சர்க்கரை அரைக் கிலோ."

வீட்டுக்கு வந்து சீரகம் என்று ஒட்டியிருந்த டப்பாவில் கொட்டி, அழுத்தி மூடினான். ரேணுகாவின் எழுத்தில் 'சீ' மட்டும் மங்கியிருந்தது. அதற்குப் பிறகு, திங்கட்கிழமை ஆபீஸ் போகும்வரை, அவனுக்குப் பேச வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.