தாம்பூலத் தட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்

ரேகாவுக்கு நிச்சயதாம்பூலம் என்றால் லைன் நிற்குமா? செல்போன் கம்பெனியில் பெல்ட் ஓடினால் ஓடியதுதான். அதன் கடைசியில் நின்று ஒவ்வொரு போனையும் புரட்டிப் பார்த்து, நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள். கெட்டதுக்குச் சிவப்பு ஒட்டி, சரிபண்ணச் சொல்லி லைனின் தலைமாட்டுக்கே திருப்பி அனுப்புவாள். லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் ராம்ப்ரசாத் கையை விரித்துவிட்டார். நல்ல நேரம் தப்பக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் வடமாலபேட்டையிலிருந்து தட்டோடு சத்தியவேட்டு ஃபேக்டரிக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்தவர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதாம். தொப்பியும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்ற மாமியார்க்காரி மணியம்மா அங்கிருந்தே கத்தினாள்.

"தட்ட வாங்கிக்கினா பேச்சு முடிஞ்ச மாதிரி. கண்ணாலம் ஆனதும் வேலைய வுட்ரணும், இப்பவே சொல்லிட்டேன்!"

ரேகாவுக்குப் பகீரென்றது. மாப்பிள்ளை தீனாவை அவளுக்குப் பிடித்திருந்தது. தானாகத் தேடிப் பிடித்த இந்த வேலையும் பிடித்திருந்தது. அவனோ அம்மாவுக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், பாவி.

"தட்ட பெல்ட்டு மேல வைங்கம்மா, தானா போயிடும்" என்றார் ராம்ப்ரசாத்.

வைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. லைனில் நிற்பவர்கள் என்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்கள்? கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. முதல் பெண் தேங்காயைத் துடைத்தாள். அடுத்தவள் அதில் ரெண்டு ஸ்க்ரூவை முடுக்கினாள். வெற்றிலைக்குப் பார்கோடு விழுந்தது. சவுண்டு டெஸ்ட் பார்க்கும் காவ்யா வாழைப்பழத்தைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"ஐயோ, சாமிக்கு வெச்ச தேங்காடி!" என்று மணியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தட்டு ரேகாவிடம் வந்தது. மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைத் தேங்காயில் ஒட்டித் திருப்பி அனுப்பினாள்.

"இன்னாடி கொற கண்ட?" என்று அலறினாள் மணியம்மா.

"தட்டு நல்லாத்தான் கீது அத்தே. நீங்க சொன்ன அந்த ஒரு பேச்சுதான் ஃபெயிலு. சரிபண்ணி அனுப்புங்க."

தட்டு தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது. தீனா அம்மாவைப் பார்த்தான், தேங்காயைப் பார்த்தான். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துத் தன் அங்கியிலேயே ஒட்டிக்கொண்டான்.

"கொற எங்க ஊட்லதான் ரேகா! நீ வேலைய வுட வேணாம்!"

"அட பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?" என்று மணியம்மா பாய்வதற்குள் தட்டு மறுபடி பெல்ட்டில் ஏறிவிட்டது.

தேங்காய்க்கு இன்னும் ரெண்டு ஸ்க்ரூ ஏறியது. காவ்யா மறுபடி "ஹலோ" சொன்னாள். கடைசியில் ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பச்சை ஸ்டிக்கரை உரித்து வைத்துக் காத்திருந்தாள்.